குடிக்காத தாள்

கடைக்கு வந்து புதியவர்களிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போங்கள் என்று உங்கள் முதலாளி கூப்பிட்டார். காகிதத் தொழிலில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் என்ற மரியாதைக்குக் கூப்பிடுகிறார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. பேச ஆரம்பித்தால் வேண்டாத கதையெல்லாம் வரும், வேண்டிய கதையை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டீ நேரத்தில் ஒருவர் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், எனக்குத் தெரியப்போவதில்லை.

கிராம் கணக்கு, கட்டு அளவு, துறைமுகத்திலிருந்து சரக்கை எடுக்கும் வழி எல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. சீனத் தூரிகை ஓவியத்துக்குத் தாள் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் எதை எடுத்துக் கொடுப்பது, நாம் எடுத்துக் கொடுத்தது தப்பாகப் போனால் என்ன செய்வது. முதலாவது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். இரண்டாவதில் நான் நடந்துகொண்ட விதத்தை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நான் வேலை பார்த்த கடை ராயபுரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் குடோன். குடோனின் கிழக்குச் சுவர் கடலைப் பார்த்த சுவர். பள்ளி நோட்டு, கல்யாணப் பத்திரிகை அட்டை, ஆபீஸ் தாள் எல்லாம் விற்றோம். அதில் ஒரு மூலை மட்டும் என்னுடையது, ஓவியத் தாள் வைக்கும் மூலை. தொண்ணூறுகளின் கடைசியில், இந்த ஊரில் சீனத் தாள் வேண்டுமென்றால் என் மூலைக்குத்தான் வர வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் அளவுக்கு அந்தத் தாளை யாரும் கேட்கவும் இல்லை.

வருகிறவர்கள் அரிசித் தாள் என்றுதான் கேட்பார்கள். அதில் அரிசி கிடையாது. மரப்பட்டையும் வைக்கோலும்தான். இதைச் சொல்லித் திருத்த வேண்டாம், அரிசித் தாள் என்று கேட்டால் சரி என்று எடுத்துக் கொடுங்கள். திருத்த வேண்டிய இடம் வேறு. அந்தத் தாளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று மையைப் பட்ட உடனே உறிஞ்சும். மூங்கிலை மூன்று இழுப்பில் போடுகிறவர்களுக்கு, மை பரவுகிற பரவலையே அழகாக்கத் தெரிந்தவர்களுக்கு அது. இன்னொன்று படிகாரமும் பசையும் கலந்த தண்ணீரில் முன்பே தோய்த்துக் காயவைத்தது. மை மேலேயே நிற்கும். பறவையின் இறகை ஒவ்வொரு கோடாக வரைந்து, அதன் மேல் நீர்த்த மையைப் பத்து முறை, இருபது முறை பூசி நிறம் ஏற்றுகிறவர்களுக்கு அது. அந்தப் பூச்சைத்தான் வாஷ் என்பார்கள். குடோன் ஆட்கள் முதலாவதைக் குடிக்கிற தாள் என்பார்கள், இரண்டாவதைக் குடிக்காத தாள் என்பார்கள். கட்டைத் தூக்கும்போது அவர்களுக்குள் நடக்கிற கேலியை இங்கே எழுத முடியாது.

எது எது என்று கண்டுபிடிக்க நான் நாக்கைத்தான் நம்பினேன். தாளின் முனையை நாக்கு நுனியில் வைத்தால் குடிக்கிற தாள் ஒட்டிக்கொள்ளும், அந்த இடம் உடனே நனைந்து மறுபக்கம் தெரியும். குடிக்காத தாளில் ஈரம் மேலேயே பளபளக்கும். இது நல்ல சோதனைதான், இன்றும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நற்கருணை அப்பம் வாங்குகிற நாக்கில் மற்ற ஆறு நாளும் கண்ட காகிதத்தை வைக்கிறீர்களே என்று என் மனைவி திட்டுவாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. வருகிற ஒவ்வொருவர் முன்னாலும் அந்த வித்தையைக் காட்டினேன்.

எங்கள் வாடிக்கைக்காரர்களில் ஒரு சீன டீச்சர் உண்டு. அவருடைய அப்பா பல் வைத்தியராக மெட்ராஸுக்கு வந்தவர். டீச்சர் இங்கேயே பிறந்து, இங்கேயே தலை நரைத்தவர். மாடி வீட்டில் நாலைந்து பேருக்குத் தூரிகை ஓவியம் கற்றுக்கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்டால் பேசின் பிரிட்ஜ் பக்கத்துக்காரம்மா யாரோ என்று நினைப்பீர்கள். ஒரு நாள் என் மூலையைக் குடைந்து, நான் நாலு வருஷமாக மறந்தே போயிருந்த ஒரு கட்டை இழுத்தார். குடிக்கிற தாள், ஓரமெல்லாம் லேசாகப் பழுத்திருந்தது. பழைய சரக்கு என்று திட்டப் போகிறார் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் பையிலிருந்து தூரிகையை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, இந்த மால் எல்லாம் எங்க ஒளிச்சி வெச்சிருந்தே? புதுசுல இதுக்குத் திமிரு ஜாஸ்தி. இப்ப அடங்கி கீது பாரு."

குடிக்கிற தாள் நாள்பட்டால் மையை வெறிபிடித்தது போல உறிஞ்சாது, நிதானமாக வாங்கும் என்று விளக்கி, கட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு போனார். அவரிடம் படிக்கிறவர்களும் பழைய மால் இருக்கிறதா என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். மறதியால் நடந்ததை நான் திட்டமிட்டுச் செய்தது போலப் பேசத் தொடங்கினேன். சில நாளில் நானே அதை நம்பிவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. குடிக்காத தாள் ஒரு கட்டு வந்தபோது அதையும் பிரிக்காமல் அதே கிழக்குச் சுவர் அலமாரியில் ஏற்றினேன். ஒன்று நாள்பட்டு நல்லதாகும் என்றால் மற்றதும் ஆகும் என்பது என் கணக்கு. யாரும் அப்படிச் சொல்லவில்லை. டீச்சரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாதம் ஒரு முறை என் எதிரில் வந்து நின்ற மனுஷி. கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துபோகுமே என்று கேட்கவில்லை. இந்த வியாதி உங்களில் யாருக்காவது இருந்தால் இப்போதே வைத்தியம் பாருங்கள்.

யசோதரா அந்த டீச்சரின் மாணவி. வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பு, அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஆயிரம் பேர் வருகையைப் பதிவு செய்கிற வேலை. கூடத்தில் புத்தர் படத்துக்குக் கீழே பலகை போட்டு, விடியற்காலை மற்றவர்கள் எழும் முன்னால் வரைவாள் என்று டீச்சர் சொல்வார். டீச்சர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. அவளைப் பற்றி மட்டும், இந்தப் பொண்ணு கைல என்னமோ கீது என்று என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

சீனாவில் ஓர் ஓவியக் கல்லூரி வெளிநாட்டார் சிலருக்கு உதவித்தொகையோடு இரண்டு வருஷப் படிப்பு தருகிறது என்ற செய்தியை டீச்சர்தான் கொண்டுவந்தார். மூன்று ஓவியங்கள் அனுப்ப வேண்டும், அதில் ஒன்று கட்டாயம் நுண்கோட்டு ஓவியமாக, அதாவது குடிக்காத தாளில் கோடு கோடாக வரைகிற வகையாக, இருக்க வேண்டும். முப்பது வயதுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது. யசோதராவுக்கு அது கடைசி வருஷம். இரண்டு ஓவியங்கள் அவளிடம் தயாராக இருந்தன. மூன்றாவதை ஆரம்பிக்கும் முன் டீச்சர் கண் ஆபரேஷனுக்காகக் கல்கத்தாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே தங்கிவிட்டார். அந்த வருஷக் கடைசியில் அங்கேயே காலமாகியும் போனார். ஆகவே தாளைப் பற்றிக் கேட்க அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

குடிக்காத தாளில் புதுக்கட்டு இருந்தால் கொடுங்கள் என்றுதான் அவள் கேட்டாள். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் சிரித்தேன். புதுசு எதற்கு, உனக்கென்று மூன்று மழைக்காலம் பார்த்த சரக்கு வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய் அந்தக் கட்டைப் பிரித்து எடுத்து வந்தேன். முனையை நாக்கில் வைத்தேன். ஈரம் மேலேயே நின்றது. பார், எப்படி நிற்கிறது என்றேன்.

அவள் தயங்கினாள். "ஒரு பீஸ் கிழிச்சி, தண்ணி வெச்சிப் பாத்துக்கட்டாண்ணா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. நாக்கு பார்த்தாகிவிட்டது, அதற்கு மேல் என்ன பார்க்கப் போகிறாய் என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன், ஆனாலும் அவள் முகம் சின்னதாகிவிட்டது. சந்தேகப்பட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நான் கொடுத்த தாள்களை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் வரைந்தது நெட்டுக்குப்பத்துக் கழிமுகம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து எண்ணூர் போய், படகுத் துறையில் உட்கார்ந்து நாரைகளைப் பார்த்துவிட்டு வருவாளாம். பதினொரு நாரைகள், நடுவில் வலைக் கம்புகள், பின்னால் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். சீன ஓவியத்தில் மலை இருக்கிற இடத்தில் அவள் புகைபோக்கியை வைத்திருந்தாள். கோடுகளுக்கே இரண்டு மாதம் பிடித்தது. பிறகு ஈரத்தை ஒட்ட வடித்த தூரிகையால் இறகு இறகாக நிறம் ஏற்றினாள். அகலமான வாஷ் கடைசியில்தான், வானத்துக்கும் சேற்றுக்கும். மொத்தம் நாலு மாதம். அது முடிந்ததும் மூன்றையும் சுருட்டி அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை பகலில் அந்தச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே என்னவோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. மேஜையில் விரித்தாள். நாரைகளைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றது, அப்படி ஒரு வேலை. அதற்கு மேலே வானம் முழுவதும் அம்மை போட்டது போலப் புள்ளி. சேற்றிலும் புள்ளி. கரும்புள்ளி சிறிதும் பெரிதுமாக, ஒரு நாரையின் கழுத்துக்குக் குறுக்கேயும் நாலு புள்ளி.

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும். ஓவியக் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியர் தன் மாணவர்கள் இருவரோடு வந்திருந்தார். பத்து நிமிஷம் முன்னால்தான் அவர்களுக்கு நாக்குப் பிரசங்கம் நடத்தி முடித்திருந்தேன். பழைய தாளின் மகிமையையும் அதில் சேர்த்திருந்தேன். கல்லாவில் எங்கள் முதலாளியின் மகன். எல்லோரும் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் தாளின் முனையைத் தூக்கி, மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன்.

இது உங்கள் தொழில், தெரிந்துகொள்ளுங்கள். வரைகிறவர் தண்ணீர் அதிகம் வைத்தால் பூச்சின் ஓரத்தில் கறை கோடு கட்டும், தாளின் முதுகு சுத்தமாக இருக்கும். முதுகில் புள்ளி தெரிகிறது என்றால் அந்தந்த இடத்தில் படிகாரம் விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். ஈரக் காற்றில் வருஷக்கணக்கில் கிடந்தால் குடிக்காத தாள் அப்படிக் கெடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு முனையில் நாக்கு வைத்தாலும் தெரியாது, ஏனென்றால் கெடுவது புள்ளி புள்ளியாகத்தான் கெடும். அகலமாகத் தண்ணீர் பட்டால்தான் காட்டிக்கொடுக்கும். குடிக்கிற தாளுக்கு நல்லது செய்கிற அதே வருஷங்கள் குடிக்காத தாளைக் கொன்றுவிடும். இதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் முதுகில் அந்தப் புள்ளிகளைப் பார்த்த நொடியிலேயே தாள்தான் கெட்டிருக்கிறது, கெடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

தாளை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தேன். "தண்ணி ஜாஸ்தி வெச்சிட்டே யசோ. கை இன்னும் அடங்கலே" என்றேன்.

பேப்பரில் ஏதாவது இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டாள். நானே பார்த்துக் கொடுத்த பேப்பர் என்றேன். கல்லூரி ஆசிரியர், இந்த வகை வாஷ் ரொம்பக் கஷ்டம், பழக வருஷங்கள் ஆகும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார். அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். ஏதோ வேறு ஒருவர் கையைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்போதும்கூட எல்லாம் முடிந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "கடைசித் தேதிக்கு இன்னும் பன்னெண்டு நாள் கீதுண்ணா. சின்னதா ஒத்த நாரை மட்டும் போட்டு அனுப்பட்டா?"

அனுப்பியிருக்கலாம். ஒரே ஒரு நாரை, கையகலத் தாள், லீவு போட்டால் பன்னிரண்டு நாளில் அவளால் முடியும். அந்த வாரம்தான் துறைமுகத்திலிருந்து புதுக்கட்டு வந்திருந்தது. பிரிக்காமல் என் மேஜைக்கு அடியில் இருந்தது, என் கால் அதில் பட்டுக்கொண்டிருந்தது. பழைய கட்டிலிருந்து கொடுத்தால் மறுபடியும் புள்ளி விழும். புதியதைக் கொடுத்தால் புள்ளி விழாது, குற்றம் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவையும் ஒரு நிமிஷத்துக்குள் யோசித்தேன். பதற்றத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் சாக்குச் சொல்ல முடியாது. யோசித்துத்தான் சொன்னேன். அவசரத்தில் அரைகுறையாகப் போட்டு அனுப்பினால் பார்க்கிறவர்களுக்குக் கை சரியில்லை என்று தெரிந்துவிடும், பேர் கெட்டுப்போகும், வேண்டாம் என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். சுருட்ட நானும் கை கொடுத்தேன். கடை வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கல்லூரி ஆசிரியர், நீங்கள் நேராகப் பேசுகிற ஆள் சார், இந்தக் காலத்தில் யார் இப்படிச் சொல்கிறார்கள் என்றார். நான் அதற்கு நன்றி சொன்னேன்.

கடை சாத்தும் முன் பழைய கட்டைப் பிரித்து, தாள் தாளாக அகலத் தூரிகையால் தண்ணீர் இழுத்துப் பார்த்தேன். நடுவிலிருந்து எடுத்தாலும் அடியிலிருந்து எடுத்தாலும் புள்ளிதான். பூச்சி அரித்துவிட்டது என்று முதலாளி மகனிடம் சொல்லி, கழிவுக் காகித வண்டியில் ஏற்றிவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மூன்றாவது நாள் சொல்லிவிடலாம் என்று வியாசர்பாடி வரை போனேன். ஒன்பது நாள் பாக்கி இருந்தது, புதுக்கட்டிலிருந்து நாலு தாள் கையில் இருந்தது. குடியிருப்புக்கு எதிரில் ஒரு டீக்கடையில் நின்று இரண்டு டீ குடித்தேன். அவளுடைய அப்பா மார்க்கெட் பையோடு போனார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். அவர் படியேறிய பிறகு பஸ் பிடித்து ராயபுரம் வந்துவிட்டேன். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம், இன்னும் மூன்று நாளில் என்ன வரைய முடியும் என்று நினைத்தேன். நாள் கடந்த பிறகு, இனிமேல் சொல்லி என்ன பிரயோஜனம், அவளுக்கு வருத்தம்தானே மிஞ்சும் என்று அவள் பேரில் இரக்கப்பட்டேன். கோழைத்தனத்துக்கு எத்தனை நல்ல சட்டை தைக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சர்ச்சில் ஃபாதரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர் முழுவதையும் கேட்டுவிட்டு, இதை என்னிடம் சொல்லி என்ன, அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் உட்காரும் பக்கம் நான் போவதில்லை. இன்னொரு ஃபாதரிடம் போய்ச் சில்லறைப் பாவங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் வயதாகும்.

வேலையில் நான் மாறித்தான் போனேன். குடிக்காத தாளை எடுத்துப் போகிற யாரையும் ஒரு துண்டு கிழித்து, முழுதும் தண்ணீர் இழுத்துப் பார்க்காமல் போகவிட்டதில்லை. அந்தத் தாளைக் கிழக்குச் சுவர்ப் பக்கம் வைக்க விட்டதில்லை. எத்தனை கவனமான மனுஷன் என்று என்னைப் புகழ்ந்தார்கள். அதையே ஒரு பரிகாரம் போல நினைத்து நாளை ஓட்டினேன். பரிகாரம் சேர வேண்டிய ஆள் விம்கோ நகரில் ஆயிரம் பேர் வருகையைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஏழெட்டு வருஷம் ஓடியது. நான் ஓய்வு பெறும் வருஷம், ஒரு மத்தியான வேளை, சார்ட் பேப்பர் கேட்டு ஒரு பெண் வந்தாள். கணக்கு நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தேன், யசோதரா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கல்யாணமாகிக் கொடுங்கையூரில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார்களாம், குப்பை மேட்டுப் புகையில் ஜன்னலே திறக்க முடியவில்லையாம். மகள் பள்ளிக்கூடத்தில் ஏதோ செய்து வரச் சொன்னார்களாம். டைம் ஆபீஸில் இப்போது அவள்தான் மூத்தவளாம். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு சொன்னாள். வரைகிறாயா என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்.

"இல்லண்ணா, அன்னிக்கே வுட்டுட்டேன். பிரஷ்ஷெல்லாம் டீச்சர்கிட்ட கத்துகினு இருந்த வேற பொண்ணுக்குக் குடுத்துட்டேன்" என்றாள். பிறகு, எனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று நினைத்தவள் போல அவளே தொடர்ந்தாள். "நீங்க அன்னிக்கு மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. வேற யாருன்னா இருந்தா நல்லா கீது நல்லா கீதுன்னு சொல்லி என்னை ஏமாத்திகினே இருந்திருப்பாங்க. அதுக்கு நான் உங்களுக்கு நன்றியே சொல்லலே."

அவள் திட்டியிருந்தால்கூட நான் இன்னும் கொஞ்ச காலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிழக்குச் சுவர், மூன்று மழைக்காலம், தாளின் முதுகில் இருந்த புள்ளி, பூச்சி அரித்ததாகச் சொன்ன பொய், வியாசர்பாடி டீக்கடை எல்லாம். உன் கையில் ஒரு குறையும் இல்லை என்றேன்.

நான் முடித்த பிறகு அவள் இரண்டே கேள்விதான் கேட்டாள். திருப்பிப் பார்த்தபோதே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். புதுக்கட்டு அன்றைக்குக் கடையில் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று சந்துமுனையில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அது போகும்வரை அவள் காத்திருந்தாள். கோபம் வந்த முகமாகத் தெரியவில்லை. எனக்கு விளங்காமல் போய்விட்ட எதையோ பொறுமையாக விளக்குகிறவள் போலத்தான் பேசினாள்.

"பேப்பர் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா நான் வேற பேப்பர் வாங்கியிருப்பேன். என் கை கெட்டதுன்னு சொல்லிட்டீங்க. வேற கைக்கு நான் எங்கண்ணா போவேன்?"

சார்ட் பேப்பரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.